ஆதார வைத்தியசாலையில் இளம் டொக்டர்மார் நிற்க: சம்பளத்தைத் தவிர எங்கள் கையில் என்ன இருக்கிறது?

அத்தியட்சகர்_வடக்கு எழுதியது:

வணக்கம். இலங்கையின் வடக்கில் மாகாண சபையின் கீழ் வரும் ஏ தர ஆதார வைத்தியசாலை ஒன்று பற்றிய கேள்வி. மருத்துவ உத்தியோகத்தர் ஆளணி 20, கடமையில் இருப்பவர்கள் 11. பெரும்பாலானோர் உள்ளகப் பயிற்சி முடித்து முதல் நியமனத்தில் வந்தவர்கள். வந்த கையோடு பிளாப் (பிரித்தானியாவில் வேலை செய்வதற்கான பரீட்சை), ஏஎம்சி (அவுஸ்திரேலியாவுக்கானது), ஓஇடி (மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலப் பரீட்சை) வகுப்புகளில் சேர்கிறார்கள். சிலர் சொல்லிவிட்டுப் போகிறார்கள், சிலர் சொல்லாமலே வராமல் விடுகிறார்கள்.

அடிப்படைச் சம்பளம், வரி, இடமாற்றச் சபை எல்லாம் கொழும்பின் கையில். அதைப் பற்றிப் பேசி இங்கே பயனில்லை. வைத்தியசாலை மட்டத்தில், அடுத்த ஆறு மாதத்துக்குள் செய்யக்கூடியது என்ன? மற்றது, 2022 சுற்றறிக்கையின் கீழ் ஐந்து வருடச் சம்பளமற்ற லீவு கேட்பவர்களுக்குப் பரிந்துரை கொடுப்பதா, இழுத்தடிப்பதா? இரண்டுக்கும் ஆதரவாக ஆட்கள் பேசுகிறார்கள். "இலவசக் கல்விக்கு நன்றிக்கடன்" என்ற அறிவுரையைத் தவிர வேறு எதுவும் சொல்லலாம்.

---

ரோஸ்டர்க்காரன் எழுதியது:

முதலில் ரோஸ்டரைத் தலைக்கணக்கில் பார்க்காமல் மணிக்கணக்கில் போட்டுப் பாருங்கள். பல இடங்களில் இந்தக் கணக்கை யாரும் போடுவதே இல்லை.

வாரத்துக்கு 168 மணி. அரச லீவு வருடத்துக்கு 45 நாள் (ஓய்வு லீவு 24, அமய லீவு 21). வேலைநாள் 260 என்று வைத்தால் 17 வீதம் அதிலேயே போய்விடும். அதாவது ரோஸ்டரில் எழுதிய 100 மணியில் கைக்கு வருவது 83. ஐரோப்பிய ஒன்றியத்தின் சராசரி உச்சம் வாரம் 48 மணி. உங்கள் இளம் டொக்டர்மார் ஒப்பிட்டுப் பார்ப்பது அந்த இலக்கத்தோடுதான். எனவே 24 மணியும் ஆள் நிற்க வேண்டிய ஒரே ஒரு இடத்துக்கு 168 ÷ (48 × 0.83) = 4.2 பேர் வேண்டும். "மூன்று ஷிப்ட், மூன்று ஆள்" என்ற பழைய கணக்கில் லீவும் இல்லை, நோயும் இல்லை.

உங்கள் அமைப்பை ஊகித்துப் போடுகிறேன், இலக்கங்களை உங்களுக்கு ஏற்ப மாற்றுங்கள்:

அவசர சிகிச்சைப் பிரிவு, முழுநேரம் ஒருவர்: 168
விடுதிகளுக்கான (வார்டுகளுக்கான) இரவு, வார இறுதிக் கடமை ஒருவர் (வேலைநாளில் மாலை 4 முதல் காலை 8 வரை, சனி ஞாயிறு முழுக்க): 80 + 48 = 128
வெளிநோயாளர் பிரிவு, இருவர் (வேலைநாள் 6 மணி, சனி 4 மணி): 68
மூன்று விடுதி அலகுகள், பகலில் ஆளுக்கு 8 மணி, 5 நாள்: 120

மொத்தம் 484 மணி. 11 பேருக்கு இதைப் பகிர்ந்தால் 484 ÷ (11 × 0.83) = ஆளுக்கு வாரம் 53 மணி. கடினம்தான், ஆனால் தாங்கலாம். உங்களிடம் இப்போது ஆட்கள் 70, 80 மணி நிற்கிறார்கள் என்றால் அந்த மிச்சம் ஆள் பற்றாக்குறையால் வரவில்லை, ரோஸ்டரின் வடிவத்தால் வருகிறது. ஒவ்வொரு அலகும் தனக்கென்று தனி ஒன்கோல் (அழைத்தால் வரத் தயாராக நிற்கும் கடமை) வைத்திருக்கும், அதில் இரண்டு பேர் ஒரே இரவு சும்மா விழித்திருப்பார்கள். 484க்கு மேலே போகும் ஒவ்வொரு மணிக்கும் காரணம் கேளுங்கள்.

இன்னொன்று. இரண்டு பேர் போய் 9 பேர் ஆனால் அதே 484 மணி ஆளுக்கு 65 ஆகிறது. போன இருவரும் மிச்சமுள்ள ஒவ்வொருவர் தலையிலும் வாரம் 12 மணியைக் கட்டிவிட்டுப் போகிறார்கள். மூன்றாவது ஆள் போவதற்கு இதுவே காணும். ஆகவே புதிதாக ஆள் கேட்டுக் கடிதம் எழுதுவதைவிட, அடுத்ததாகப் போகக்கூடிய இருவர் யார் என்று கண்டுபிடிப்பது அவசரம்.

நடைமுறையில் மாற்ற வேண்டியவை: இரவு முழுக்க நின்றவர் காலை கைமாற்றம் (நோயாளிகளை அடுத்தவரிடம் ஒப்படைப்பது) முடிந்ததும் வீட்டுக்குப் போக வேண்டும், "கிளினிக்கை மட்டும் முடித்துவிட்டுப் போ" என்ற கதை வேண்டாம். 24 மணி விழித்திருந்தவரின் கவனம் இரத்தத்தில் 0.10 வீத மதுசாரம் உள்ளவரின் அளவுக்குக் குறைகிறது என்று 1997இலேயே அளந்து காட்டிவிட்டார்கள். ரோஸ்டர் முந்தைய மாதம் 20ஆம் திகதிக்குள் சுவரில் இருக்க வேண்டும். இரண்டு நாளுக்கு முன் வரும் ரோஸ்டரை வைத்துக்கொண்டு கொழும்பு பஸ்ஸுக்கு ஆசனம் போடவும் ஏலாது, பட்ட மேற்படிப்பு வகுப்புக்குப் பதியவும் ஏலாது. கைமாற்றம் காலை 8 மணிக்கு, எழுத்தில், 20 நிமிடம்: கட்டில் இலக்கம், பிரச்சினை, இன்று என்ன நடக்கக்கூடும், நடந்தால் முதலில் என்ன செய்வது. இப்படி ஒழுங்காக்கப்பட்ட கைமாற்றத்தை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஒன்பது வைத்தியசாலைகளில் நடைமுறைப்படுத்தியபோது மருத்துவத் தவறுகள் 23 வீதம் குறைந்தன. 2014இல் வெளியான ஆய்வு அது. வீட்டுக்குப் போன ஆளுக்கு "அந்த 12ஆம் கட்டில் யார்?" என்று அழைப்பு வராமல் இருப்பது இதில் கிடைக்கும் உபரி இலாபம்.

---

பிரசவ_அறை எழுதியது:

ரோஸ்டர்க்காரன், கணக்கு சரி, ஆனால் ஒரு எச்சரிக்கை. இரவில் எல்லா விடுதிக்கும் ஒருவர் என்று சேர்க்கும்போது மகப்பேற்றைச் சேர்க்க வேண்டாம். பிரசவத்துக்குப் பிந்திய குருதிப்பெருக்கும், வீதி விபத்தும், சிறுபிள்ளையின் வலிப்பும் ஒரே இரவில் வரும். அந்த ஒருவர் எங்கே நின்றாலும் பிழை அவர் மேல்தான் விழும். மருத்துவ, சத்திரசிகிச்சை விடுதிகளைச் சேர்க்கலாம். பிரசவ அறைக்குத் தனியாக ஆள் வேண்டும். அதற்கு உள்ளகப் பயிற்சி வைத்தியரைத் தனியே நிறுத்துவதானால், வைத்தியசாலை வளவுக்குள் மேலே ஒருவர் இருக்க வேண்டும். தொலைபேசியில் இருக்கிறார் என்பது காணாது. இளம் டொக்டர் ஒருவர் வெளிநாட்டை முடிவு செய்வது அதிகநேரம் வேலை செய்த நாளில் அல்ல என்பது என் கணிப்பு. கைக்கு மீறிய நோயாளியோடு தனியே நின்று, அடுத்த நாள் விசாரணைக் கூட்டத்திலும் தனியே நின்றபிறகுதான் முடிவு செய்வார்.

அதனால் ஒரு ஏ4 தாள் போதும்: எந்த எந்த நிலையில் நிபுணரை எழுப்பியே ஆகவேண்டும் என்று (உதாரணமாக இரத்த இழப்பு 1,000 மில்லிலீற்றரைத் தாண்டினால், ஒரே நோயாளிக்கு இரண்டாம் தடவை இரத்த அழுத்தம் விழுந்தால்), நிபுணர்களின் கையெழுத்தோடு. கையெழுத்து இருந்தால் இரவு இரண்டு மணிக்கு அழைப்பதற்குப் பயம் இல்லை.

பாதுகாப்புப் பற்றி யாரும் எழுதவில்லை. 2025 மார்ச்சில் அநுராதபுரம் போதனா வைத்தியசாலையின் குவாட்டர்ஸில் (வைத்தியர் தங்குமிடத்தில்) பெண் வைத்தியர் ஒருவருக்கு நடந்த பாலியல் கொடுமைக்குப் பின் நாடு முழுக்கப் பணிப்புறக்கணிப்பு நடந்தது. அதன்பிறகு பெற்றோர் முதலில் கேட்கும் கேள்வியே குவாட்டர்ஸ் எப்படி என்பதுதான். செலவு குறைந்தவை முதலில்: ஒன்கோல் அறைக்கு உள்தாழ்ப்பாள், கதவு நிலை இற்றுப்போயிருந்தால் நிலையோடு மாற்றம், விடுதிக்கும் குவாட்டர்ஸுக்கும் இடைப்பட்ட பாதைக்கு மின்குமிழ், இரவு ஷிப்ட் மாறும் நேரத்தில் காவலாளி கூடவே நடப்பது. அந்த மின்குமிழ்கள் ஜெனரேட்டர் இணைப்பில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது, மின்சாரம் போனதும் முதலில் இருளுவது அந்தப் பாதைதான். அறையோடு சேர்ந்த கழிவறை இல்லாவிட்டால் அது கட்டட வேலைகளில் முதலாவதாகப் போக வேண்டும்.

---

கணக்குக்கிளை எழுதியது:

சம்பளம் உங்கள் கையில் இல்லை. ஆனால் மேலதிக கடமைக் கொடுப்பனவு எப்போது கைக்கு வருகிறது என்பது பாதிக்கு மேல் உங்கள் கையில்தான்.

தாமதம் எங்கே விழுகிறது என்றால்: கடமை மாற்றிக்கொண்டவர்கள் ரோஸ்டரில் கையெழுத்து வைக்காததால் வரவுப் பதிவேட்டோடு பொருந்தாது. சான்றுப்படுத்த வேண்டிய நிபுணர் லீவில் இருப்பார், பதில் கடமையாளரின் கையெழுத்தைக் கணக்காளர் ஏற்கமாட்டார். வருடக் கடைசியில் ஒதுக்கீடு முடிந்துவிடும், மாகாணத்தின் கீழ் உள்ள இடங்களில் இது இன்னும் மோசம். முதல் இரண்டையும் ஒரே சுற்றுநிருபத்தில் தீர்க்கலாம்: கடமை மாற்றம் இருவர் கையெழுத்தோடு அன்றே பதியப்படும், ஒவ்வொரு அலகுக்கும் பதில் சான்றாளர் பெயர் முன்கூட்டியே கணக்குக் கிளைக்குக் கொடுக்கப்படும், படிவம் மாதம் 5ஆம் திகதி, சான்று 8ஆம் திகதி. மூன்றாவதற்கு, ஜூலையிலேயே ஆறு மாதச் செலவை எடுத்து வருட முடிவை மதிப்பிட்டு மேலதிக ஒதுக்கீடு கேளுங்கள். ஒக்டோபரில் கேட்டால் எல்லோரும் கேட்பார்கள்.

தாமதத்தால் வரியும் கூடுகிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. 2025 ஏப்ரல் முதல் மாதம் 150,000 ரூபா வரை வரி இல்லை. அதற்கு மேல் முதல் 83,333க்கு 6 வீதம், பிறகு ஒவ்வொன்றும் 41,667 ரூபாவான மூன்று படிகளுக்கு 18, 24, 30 வீதம், மிச்சத்துக்கு 36 வீதம். மூன்று மாதமும் 250,000 ஒழுங்காக வந்தால் மாதம் 8,000 படி 24,000 கழியும். இரண்டு மாதம் 200,000 வந்து மூன்றாம் மாதம் நிலுவையோடு 350,000 வந்தால், மாத அட்டவணைப்படி 3,000 + 3,000 + 32,500 = 38,500. உழைப்பு ஒன்றுதான், கழிவு 14,500 கூட. வருட விபரத்திரட்டில் மீளக் கேட்கலாம், ஆனால் நிலுவை மார்ச் 31ஐத் தாண்டி அடுத்த வரி வருடத்தில் விழுந்தால் அந்த வழியும் சிக்கல்.

ஒரு நியாயத்தையும் சொல்லவேண்டும். 2023 ஜனவரி வீதங்களில் 350,000க்கு 52,500 கழிந்தது, இப்போது 32,500. 2024 ஜனவரியில் டொக்டர்மாருக்கான டீஏடி (இடையூறு, தயார்நிலை, போக்குவரத்து) கொடுப்பனவு 35,000இலிருந்து 70,000 ஆனது. கையில் வரும் தொகை உண்மையில் கூடியிருக்கிறது. வெளியேறும் பலர் 2022, 2023 மனநிலையில் போட்ட கணக்கையே இன்னும் வைத்திருக்கிறார்கள். தற்போதைய சம்பளச் சீட்டை முன்னால் வைத்துக் கணக்குப் பார்த்துக் காட்ட ஒருவர் இருந்தால் நல்லது.

---

வழிப்போக்கன் எழுதியது:

சம்பளச் சீட்டைக் காட்டி ஆளை நிறுத்தலாம் என்றால் பிரச்சினை எப்போதோ தீர்ந்திருக்கும் அண்ணா. 2022 மார்ச் முதல் வாரம் டொலர் 200 ரூபா, மே மாதம் 360. ஒரு தரம் அப்படி விழுந்ததைப் பார்த்தவன் ரூபாவில் போட்ட எந்தக் கணக்கையும் நம்பமாட்டான். பிணைப் பணமும் (ஒப்புக்கொண்ட காலம் வேலை செய்யாமல் போனால் அரசுக்குக் கட்ட வேண்டியது) அப்படித்தான். பிணையில் எழுதிய ரூபாத் தொகை மாறவில்லை, பவுணில் அதைக் கட்டுவதற்கான பாரம் வெகுவாகக் குறைந்துவிட்டது. பிணையை இறுக்கினால் நிற்பார்கள் என்று சொல்பவர்கள் இதை வடிவாக யோசிக்க வேண்டும்.

---

பரீட்சை_மேசை எழுதியது:

எப்போது பேசுவது என்பது முக்கியம். வெளியேறும் பாதையின் படிகள் தெரிந்தால் நேரம் தெரியும்.

பிரித்தானியாவுக்கு: ஐஎல்ட்ஸ் மொத்தம் 7.5, ஒவ்வொரு பிரிவிலும் 7க்குக் குறையாமல், அல்லது ஓஇடி நான்கிலும் பி. பிளாப் ஒன்றைக் கொழும்பிலேயே எழுதலாம், 180 கேள்வி, மூன்று மணி. அதில் சித்தியடைந்து இரண்டு வருடத்துக்குள் பிளாப் இரண்டு, அது மன்செஸ்டரில் மட்டும். கடைசியில் இலங்கை மருத்துவச் சபையின் நன்னிலைச் சான்றிதழ், அது மூன்று மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். ஆகவே உங்களிடம் ஒருவர் நன்னிலைச் சான்றிதழுக்காக லீவு கேட்டு வந்தால் பேச்சு முடிந்துவிட்டது, வாழ்த்தி அனுப்புங்கள். பேசவேண்டிய காலம் முதல் நியமனத்தின் மூன்றாம் மாதம். ஆங்கிலப் பரீட்சைக்குப் பதிவதற்கு முன்.

பிளாப் முடித்தும் மாதக்கணக்கில் வேலை கிடைக்காமல் இருப்பவர்கள் இப்போது நிறைய. அங்கே பயிற்சி இடங்களுக்கு உள்நாட்டுப் பட்டதாரிகளுக்கே முதலிடம் கொடுக்கும் போக்கு வந்துவிட்டது. இதைப் பயமுறுத்தலாகச் சொல்லாமல் தகவலாகச் சொல்லலாம். ஆனால் பதிலுக்கு இங்கே ஒரு பாதை காட்டவேண்டும், அது பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் தெரிவுப் பரீட்சைதான். ஆதார வைத்தியசாலையில் நின்றால் படிக்க ஏலாது என்ற எண்ணம்தான் இளம் டொக்டர்மாரை முதலில் கொழும்புக்கும் பிறகு விமானத்துக்கும் அனுப்புகிறது.

செய்யக்கூடியது: வாரத்தில் ஒரு அரைநாள், ரோஸ்டரில் எழுதி, தொலைபேசியை இன்னொருவரிடம் கொடுத்து. கொடுக்காவிட்டால் அது படிப்பு நேரம் அல்ல, ஒன்கோல்தான். பரீட்சைத் திகதி வந்ததும் யாருக்கு எந்த வாரம் பரீட்சை லீவு என்று ஒரே கூட்டத்தில் பங்கிடுவது, இல்லாவிட்டால் முதலில் கேட்டவருக்கே கிடைக்கும், அடுத்தவர் அதையே காரணமாக வைத்துப் போவார். நிபுணர்களிடம் மாதம் இரண்டு நோயாளி-அருகு வகுப்பு கேளுங்கள். பிற்பகல் கிளினிக்குக்கு முன் போட்டால் நடக்காது, காலைச் சுற்றோடு சேர்த்தால் நடக்கும்.

டொக்டர் தேவையில்லாத வேலையையும் கழற்றுங்கள். ஒரு வாரம் மட்டும் ஒரு தாளில் கோடு போட்டு எண்ணச் சொல்லுங்கள்: இரத்தம் எடுத்தது, பரிசோதனைப் படிவம் எழுதியது, ஆய்வுகூடத்துக்கு நடந்தது, நோயறிதல் அட்டை பிரதி பண்ணியது. படிவங்களை முன்கூட்டியே அச்சிடலாம். நிலையான நீரிழிவு, இரத்த அழுத்த நோயாளிகளுக்கு, கையிருப்பு இருக்கும் மருந்துகளை இரண்டு மாதத்துக்குக் கொடுத்தால் அந்தப் பகுதிக் கிளினிக் கூட்டம் பாதியாகும். இரத்தம் எடுப்பதைத் தாதியர் பக்கம் மாற்றுவது தொழிற்சங்கப் பேச்சு இல்லாமல் நடக்காது, அதை முதலாவதாகத் தொட்டு மற்ற எல்லாவற்றையும் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

தெற்கிலிருந்து வரும் சிங்கள டொக்டர்மாருக்குத் தமிழ் பேசும் உதவி ஒன்றும் தேவை. வெளிநோயாளர் பிரிவில் 60, 70 வசனங்கள் சிங்கள எழுத்தில் தமிழ் ஒலியோடு ஒட்டினாலே முதல் மாதம் கடந்துவிடும்.

---

ஆளணி_மேசை எழுதியது:

லீவுக் கேள்விக்கு. 2022 ஜூன் பொது நிர்வாகச் சுற்றறிக்கை 14/2022, மூப்பும் ஓய்வூதியமும் பாதிக்காமல் அதிகபட்சம் ஐந்து வருடச் சம்பளமற்ற லீவைக் கொண்டுவந்தது. விண்ணப்பிக்கும் நாளில் உள்ள திருத்தங்களையும் சுகாதார அமைச்சின் அறிவுறுத்தல்களையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். என் நிலைப்பாடு: பரிந்துரையுங்கள், இழுக்க வேண்டாம். இழுத்தால் அந்த ஆள் நிற்கப்போவதில்லை, சொல்லாமல் போவார். அது பதவி வெறிதாக்கலாக (தானாக வேலையை விட்டதாக) பதிவாகும், பிறகு திரும்பிவர நினைத்தாலும் கதவு கிட்டத்தட்ட மூடிவிடும். லீவில் போனவர் இரண்டு மூன்று வருட அனுபவத்தோடு திரும்பினால் அவர் முதல் நியமனக்காரர் ஒருவரைவிடப் பெறுமதி.

ஆனால் ஒரு பொறி இருக்கிறது. லீவில் போனவரின் இடம் உங்கள் ஆளணிப் பதிவில் "நிரம்பியது" என்றே தொடர்ந்தால் மாற்று ஆள் கேட்க ஏலாது. ஆகவே பரிந்துரைக் கடிதத்தோடு அதே நாளில் பிராந்தியப் பணிப்பாளர் ஊடாக இன்னொரு கடிதம் போகவேண்டும்: பெயர், லீவு தொடங்கும் திகதி, அந்த இடத்துக்கு அடுத்த உள்ளகப் பயிற்சிக்குப் பிந்திய நியமனப் பட்டியலில் பதிலாள் தேவை என்று. பட்டியல் மத்திய அமைச்சில் தயாராவதால் உங்கள் வெற்றிடம் அதற்கு முன் அங்கே எட்டியிருக்க வேண்டும். பட்டியல் வந்தபிறகு அனுப்பும் கடிதம் கோப்பில் கிடக்கும்.

கணவன் மனைவி இருவரும் டொக்டர் என்றால் இருவருக்கும் ஒரே மாவட்டம் கேட்டு நீங்களே எழுதுங்கள். வைத்தியசாலை எழுதும் கடிதத்துக்கு விண்ணப்பதாரி தனியே எழுதுவதைவிடப் பாரம் உண்டு.

---

அத்தியட்சகர்_வடக்கு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மணிக்கணக்கைப் போட்டேன், எங்களுக்கு 484 அல்ல, 590க்குக் கிட்ட வருகிறது. வித்தியாசம் முழுக்க அலகுவாரியான ஒன்கோல். நிபுணர்கள் தங்கள் அலகின் ஒன்கோலை விட்டுக்கொடுக்க மறுப்பார்கள். எங்கே தொடங்குவது? அந்த மூன்றாம் மாதப் பேச்சில் என்ன கேட்பது?

---

ரோஸ்டர்க்காரன் எழுதியது:

பொதுக்கூட்டத்தில் வைக்க வேண்டாம், எல்லோரும் மறுப்பார்கள். மருத்துவ, சத்திரசிகிச்சை நிபுணர்கள் இருவரை மட்டும் கூப்பிட்டு நான்கு வாரப் பரீட்சார்த்தம் கேளுங்கள். அந்த நான்கு வாரமும் இரவு அழைப்புகளை நேரத்தோடு ஒரு கொப்பியில் பதியுங்கள்: எத்தனை மணிக்கு, எந்த விடுதி, எத்தனை நிமிடத்தில் டொக்டர் போனார், இரண்டு இடத்தில் ஒரே நேரம் தேவைப்பட்டதா. ஒரே நேர அழைப்பு அடிக்கடி வந்தால் சேர்த்தது பிழை, பழையபடி பிரியுங்கள். வராவிட்டால் கொப்பியே பேசும். மாற்றத்தைப் பயிற்சி வைத்தியர்கள் மாறும் மாதத்தில் தொடங்க வேண்டாம், புதியவர்களின் தடுமாற்றம் முழுக்க உங்கள் ரோஸ்டரின் தலையில் விழும்.

---

பரீட்சை_மேசை எழுதியது:

பேச்சுக்கு மூன்று கேள்வி போதும் சேர். கடந்த மாதம் எந்த இரவில் உதவி கிடைக்கவில்லை? எந்தப் பரீட்சைக்குப் படிக்கிறீர்கள், எந்த வாரம் லீவு வேண்டும்? இங்கே எந்த ஒரு விடயம் மாறினால் இன்னும் ஒரு வருடம் நிற்பீர்கள்? "வெளிநாடு போகிறீர்களா" என்று நேரே கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். பேசுபவர் மதிப்பீட்டு அறிக்கை எழுதுபவராக இருக்கக்கூடாது, வேறு அலகின் மூத்த மருத்துவ உத்தியோகத்தர் ஒருவரை விடுங்கள். பதிலில் வந்தவற்றில் ஒன்றையாவது இரண்டு வாரத்துக்குள் செய்துகொடுங்கள், குவாட்டர்ஸ் தண்ணீர்த் தாங்கியாக இருந்தாலும் சரி. ஒன்றும் நடக்காவிட்டால் அடுத்த தடவை வாய் திறக்கமாட்டார்கள்.